பாதிப்பேர் கொண்டாடி பாதிப்பேர் திட்டும் படத்தை எப்படிப் பார்ப்பது

ஒரு படம் வெளிவந்த மறுநாளே கூட இருக்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒருத்தர் "இப்படி ஒரு படம் பார்த்ததே இல்லை" என்கிறார், இன்னொருத்தர் "பாதியிலேயே எழுந்து வந்துட்டேன்" என்கிறார், இரண்டு பேருமே நமக்கு வேண்டியவர்கள், இரண்டு பேர் ரசனைமேலும் நமக்கு மரியாதை உண்டு. இந்த நிலையில் தியேட்டருக்குப் போனால் நாம் படத்தைப் பார்க்கிறோமா, இல்லை எந்தக் கட்சியில் சேரலாம் என்று பார்க்கிறோமா? எனக்குப் பல வருஷம் இரண்டாவதுதான் நடந்தது. வெளியே வந்ததும் என் வாயில் வந்தது பெரும்பாலும் வேறு யாரோ ஏற்கெனவே சொன்ன வாக்கியம்.

இப்படிப்பட்ட படங்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. எல்லோருக்கும் பிடித்த படத்தைவிட இவைதான் என்னை அதிக நாள் தூங்கவிடாமல் செய்திருக்கின்றன. அவற்றைப் பார்க்க நான் பழகிக்கொண்ட வழியை, என் சொந்த அபிப்பிராயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். அபிப்பிராயங்களோடு நீங்கள் சண்டை போடலாம், வழியை மட்டும் இரண்டு மூன்று படங்களுக்கு முயன்று பாருங்கள்.

வழி இதுதான். படம் முடிந்ததும் "பிடித்ததா இல்லையா" என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். "எந்தக் காட்சியில் நான் படத்தைவிட்டு வெளியே வந்தேன்?" என்று கேளுங்கள். பிடித்த படமாக இருந்தால், எந்தக் காட்சியில் படம் என்னை முழுசாக இழுத்துக்கொண்டது என்று. படம் முழுக்க இழுவை, படம் முழுக்க அற்புதம் என்பதெல்லாம் பிறகு நாமே தைத்துப்போட்ட சட்டை. உட்கார்ந்து யோசித்தால் கிட்டத்தட்ட எப்போதும் ஒரு குறிப்பிட்ட காட்சி இருக்கும், அதுவரை நீங்கள் படத்தோடு இருந்திருப்பீர்கள், அதற்குப் பிறகு இருந்திருக்க மாட்டீர்கள். அந்தக் காட்சியைப் பிடித்துவிட்டால் உங்கள் அபிப்பிராயம் உங்களுடையதாகிவிடும்.

முதலில், அது உண்மையிலேயே பிரிக்கிற படமா?

ஓடாத படம் எல்லாம் பிரிக்கிற படம் கிடையாது. பெரும்பாலான தோல்விப் படங்களைப் பற்றி யாருக்கும் சண்டையே இல்லை, எல்லோரும் ஒரே குரலில் சுமார் என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார்கள். பிரிக்கிற படத்துக்கு அடையாளம், பிடிக்காதவர்கள்கூட அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தமாட்டார்கள்.

மதிப்பெண்களை நம்பிப் போவதானால் அவை எப்படிப் போடப்படுகின்றன என்று தெரிந்துகொண்டு போங்கள். பத்து விமர்சகர்கள் ஒரு படத்துக்குப் பத்துக்கு ஆறு கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருமே "பார்க்கலாம்" என்றுதான் சொல்கிறார்கள், அதனால் விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் கணக்கில் அது 100 சதவீதம். வேறொரு படத்துக்கு ஐந்து பேர் பத்துக்குப் பத்தும் மற்ற ஐந்து பேர் மூன்றும் கொடுக்கிறார்கள், அது 50 சதவீதம், 60-க்குக் கீழே போனதால் அழுகல் என்ற பச்சை முத்திரையும் விழும். ஆனால் சராசரி போட்டுப் பாருங்கள், முதல் படத்துக்கு 6, இரண்டாவதுக்கு 6.5. அந்தச் சதவீதம் எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதைச் சொல்கிறது, எவ்வளவு பிடித்தது என்பதைச் சொல்வதில்லை. நமக்குச் சுவாரசியமான படங்கள் பெரும்பாலும் இந்த 50, 60 பக்கத்தில்தான் ஒளிந்துகொண்டிருக்கும், அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

பார்வையாளர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் ஒரு படத்தின் மதிப்பெண்மேல் தட்டினால் ஒன்றுமுதல் பத்துவரை எத்தனை பேர் போட்டார்கள் என்ற வரைபடம் வரும். சராசரியைவிட அந்த உருவத்தைப் பாருங்கள். ஒன்றிலும் பத்திலும் மட்டும் இரண்டு பெரிய குவியல், நடுவில் ஒன்றுமே இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வரும், அது பல சமயம் ரசிகர் சண்டையாகவோ படத்துக்கு வெளியே நடக்கும் வேறு ஏதோ தகராறாகவோ இருக்கும். மூன்று, ஐந்து, எட்டு, ஒன்பது என்று பரவிக் கிடந்தால் அது உண்மையான கருத்து வேறுபாடு. முதல் வாரத்து எண்களை நான் பார்ப்பதே இல்லை. படம் வெளிவருவதற்கு முன்பே கருத்து எழுதிக் குவிக்கும் பழக்கம் எந்த அளவுக்குப் போனதென்றால், 2019-இல் ராட்டன் டொமேட்டோஸ் வெளியீட்டுக்கு முந்தைய பார்வையாளர் கருத்துகளையே எடுத்துவிட்டது.

பார்க்கும் முன் எவ்வளவு தெரிந்துகொள்ளலாம்?

கதை வேண்டாம். ட்ரெய்லர் முடிந்தால் வேண்டாம். "யாருக்கு இந்தப் படம் பிடிக்காது" என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், அது ஸ்பாய்லர் இல்லை, அது ஒரு உதவி. "வேகமான படம் எதிர்பார்க்காதே", "முடிவு திறந்திருக்கும்", "வன்முறை நிறைய", இந்த அளவு போதும். ஒரு முழு விமர்சனத்தைப் படித்துவிட்டுப் போனால் அந்த விமர்சகர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு காதில் பேசிக்கொண்டே இருப்பார்.

இன்னொன்று, எந்த நிலைமையில் பார்க்கிறீர்கள் என்பது. களைத்துப்போய், தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது ஒரு மெதுவான படத்தைப் பார்த்துவிட்டுத் திட்டுவது நியாயமில்லை. வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதும் அப்படித்தான். மெதுவான படத்தை இடையில் நிறுத்தினால் அது சேர்த்துவைத்த கனம் எல்லாம் கொட்டிப்போய்விடும், மறுபடி சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும், அப்போது இழுவையாகத்தான் தெரியும்.

கை விட்டுப்போன இடம்

இதுதான் இந்த வழியின் உயிர், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

படம் முடிந்ததும் யாரிடமும் பேசுவதற்கு முன்னால், போனைத் திறந்து மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதற்கும் முன்னால், உங்களுக்குள் அந்தக் காட்சியைத் தேடுங்கள். எந்த இடத்தில் முதல்முறை மணி பார்த்தீர்கள்? எந்த இடத்தில் நடிகர் நடிப்பது தெரிய ஆரம்பித்தது? எங்கே இயக்குநர்மேல் கோபம் வந்தது? ஒரு வரியில் எழுதிவையுங்கள். பிறகு, அந்தக் காட்சியில் படம் உங்களுக்கு என்ன செய்தது என்று கேளுங்கள்.

என் அனுபவத்தில் மிக அதிகமாக நடப்பது, படம் ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டு வேறொன்றைத் தருவது. செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்', 2010-இல் வந்தது, இதற்கு நான் அடிக்கடி எடுக்கும் உதாரணம். முதல் பாதி ஒரு சாகசப் பயணம், தேடிப் போகிறார்கள், வழியில் ஒவ்வொரு பொறியாகத் தாண்டுகிறார்கள், கார்த்தி சிரிக்க வைக்கிறார். இரண்டாம் பாதியில் பல நூற்றாண்டுகளாக மறைந்து வாழும் ஒரு சோழக் கூட்டம் வருகிறது, பழைய தமிழ் பேசுகிறார்கள், பசியில் கிடக்கிறார்கள், பார்த்திபன் ஆடும் அந்த மன்னன் நாம் எதிர்பார்க்கிற எந்த மன்னன் மாதிரியும் இல்லை, படம் இருட்டிலும் ரத்தத்திலும் இறங்குகிறது. படத்தைத் திட்டுகிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்தத் திருப்பத்தைத்தான் காட்டுகிறார்கள், கொண்டாடுகிறவர்கள் காட்டுவதும் இதே திருப்பத்தைத்தான். என் கட்சி இரண்டாம் பாதி. தோற்றுப்போன ஒரு இனத்தின் அவமானத்தை இவ்வளவு கூச்சமில்லாமல் காட்டிய தமிழ்ப் படம் வேறு எனக்கு நினைவில்லை. ஆனால் முதல் பாதி அப்படி ஒரு வேடிக்கையான விளையாட்டைத் தொடங்கிவைத்தது எனக்குக் குறைதான், அந்த விளையாட்டை நம்பி உட்கார்ந்தவர் ஏமாந்ததாக நினைத்தால் அவர் தப்பாகப் பார்த்தார் என்று நான் சொல்லமாட்டேன்.

இதே விஷயத்தை ஒரு அளவுகோல் மூலமும் பார்க்கலாம். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒன்று, படம் வெளியாகும் முதல் இரவு தியேட்டரிலேயே பார்வையாளர்களிடம் அட்டை கொடுத்து ஏ பிளஸ் முதல் எஃப் வரை மதிப்பு வாங்குகிறார்கள். அரோனோவ்ஸ்கியின் 'மதர்!' 2017-இல் எஃப் வாங்கியது. ஜெனிஃபர் லாரன்ஸ் நடித்த ஒரு பேய்ப்பட மாதிரிதான் அதை விளம்பரம் செய்தார்கள், உள்ளே இருந்ததோ பைபிள் கதையை ஒரு வீட்டுக்குள் அடைத்த உருவகம். அந்த இரவு வந்தவர்கள் கேட்டது கிடைக்கவில்லை, எஃப் போட்டார்கள். அந்த எஃப் படத்துக்கு விழுந்தது என்பதைவிட விளம்பரத்துக்கும் படத்துக்கும் நடுவில் இருந்த தூரத்துக்கு விழுந்தது என்றே நான் நினைக்கிறேன். அதே சமயம் எனக்கும் அந்தப் படம் பிடிக்காது, என் காரணம் வேறு: உருவகம் என்னவென்று பிடிபட்ட பிறகு ஒவ்வொரு காட்சியும் அடுத்து எதைக் குறிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டே வந்தது, அந்தப் பெண்ணின் வலி எனக்கு ஒரு பெண்ணின் வலியாக இல்லாமல் போய்விட்டது. பாருங்கள், எஃப் போட்டவரும் நானும் ஒரே கட்சி, ஆனால் வெளியே வந்த கதவு வேறு வேறு.

1954-இல் வந்த 'அந்த நாள்' இதற்கெல்லாம் தமிழில் முன்னோடி. எஸ். பாலசந்தர் இயக்கியது, ஏவிஎம் தயாரிப்பு, சிவாஜி நடித்தது, பாட்டே கிடையாது. படம் தொடங்கும்போதே சிவாஜி சுடப்பட்டுச் செத்துவிடுகிறார், அவரைக் கொன்றது யார் என்று ஒவ்வொருவரும் சொல்லும் கதைதான் படம். பாட்டுக்காகவும் சிவாஜிக்காகவும் வந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அன்று ஓடவில்லை. இன்று அதைப் பார்க்கிறவருக்குப் பாட்டில்லாதது ஒரு குறையாகத் தோன்றுவதே இல்லை, ஏனென்றால் நமக்கு அப்படி ஒரு வாக்குறுதி கொடுக்கப்படவில்லை.

அடுத்தது வேகம். ஒரு காட்சியில் நாம் வெளியே வந்தது அது மெதுவாக இருந்ததாலா, அல்லது அந்த மெதுவான நேரத்தில் பார்ப்பதற்கு எதுவும் இல்லாததாலா? இரண்டும் வேறு, இதைப் பிரிக்கக் கற்றுக்கொண்டபோது எனக்குப் பாதிப் படங்கள் புதிதாகத் திறந்தன. குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் முதல் 25 நிமிஷம் போல ஒரு வார்த்தை வசனம் கிடையாது. 1968-இல் முதல் காட்சிகளிலேயே எழுந்து போனவர்கள் உண்டு, குப்ரிக்கே அதற்குப் பிறகு சுமார் 19 நிமிஷம் வெட்டினார். அந்தப் படத்தில் விண்கலம் நிலையத்தை நோக்கி மெதுவாகச் சுழன்று நெருங்கும்போது நான் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஒவ்வொரு விநாடியும் ஏதோ ஒன்று நகர்கிறது, எடை இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உடம்புக்கே தெரிகிறது. ஆனால் கடைசியில் வரும் அந்த வண்ண ஒளிப் பயணம் எனக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளம்தான். ஒரே படத்தில் ஒரு மெதுவான காட்சிக்குள் இருக்கவும் இன்னொன்றிலிருந்து வெளியேறவும் முடியும், "ஸ்லோ படம்" என்ற ஒற்றைச் சொல் இரண்டையும் விழுங்கிவிடுகிறது.

முடிவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முடிவு பிடிக்கவில்லை என்றால், அந்த முடிவில் என்ன நடக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள். அப்படிச் சொல்லும்போதே அது இன்னும் மோசமான முடிவு என்று பலமுறை எனக்குப் புரிந்திருக்கிறது. சில சமயம் என் முடிவுதான் சரி என்றும் தோன்றியிருக்கிறது, அப்போது குறையைத் தைரியமாகச் சொல்லலாம்.

அப்புறம், நெறி சம்பந்தமான பிளவு. இதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. ஒரு படம் மெதுவாக இருப்பதும், ஒரு படம் யாரையோ மனுஷராக நடத்தாமல் இருப்பதும் ஒரே வகையான குறை இல்லை. குப்ரிக்கின் 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' 1971-இல் வந்தது, பெரிய சர்ச்சைக்குப் பிறகு 1973-இல் குப்ரிக்கின் விருப்பப்படியே பிரிட்டனில் திரையிடுவது நிறுத்தப்பட்டது, 1999-இல் அவர் இறந்த பிறகுதான் அங்கே மறுபடி வெளியானது. வன்முறையைக் காட்டினால் வன்முறையை ஆதரிக்கிறார் என்று அர்த்தமில்லை, இதை எல்லோரும் சொல்வார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. கேமரா யார் பக்கத்தில் நிற்கிறது, யாருடைய முகத்தில் நேரம் செலவழிக்கிறது, அடிக்கிறவனுக்கு நகைச்சுவையும் அடிபடுகிறவருக்குக் கோணல் முகமும் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் படத்தில் எனக்கு அதுதான் பிரச்சினை. வன்முறையில் திளைக்கும் நாயகன் அலெக்ஸிடம் எல்லா வசீகரமும் இருக்கிறது, அவனால் சீரழிந்தவர்கள் கேலிச்சித்திரம் மாதிரி வந்துபோகிறார்கள். படத்தின் கேள்வி, நல்லவனாக இருக்க ஒருவனைக் கட்டாயப்படுத்தலாமா என்பது, மிகப் பெரிய கேள்வி, ஆனால் அதைக் கேட்க அந்தப் பெண்களைச் செலவழித்த விதத்தோடு என்னால் இன்றுவரை ஒத்துப்போக முடியவில்லை. ஒரு படம் உங்களையோ உங்களைப் போன்றவர்களையோ புண்படுத்தியது என்றால் "இது கலை, புரிந்துகொள்" என்று சொல்பவரிடம் நீங்கள் தலையாட்ட வேண்டிய அவசியமே இல்லை. எந்தக் காட்சி, எந்தக் கோணம் என்று சொல்லுங்கள், உங்கள் வாதம் அசைக்க முடியாததாக இருக்கும்.

'புரியவில்லை' என்பது

புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள், அதில் வெட்கம் எதுவும் வேண்டாம். எது புரியவில்லை என்று ஒரு படி மேலே போக வேண்டும், அவ்வளவுதான். என்ன நடந்தது என்பது புரியவில்லையா, ஏன் நடந்தது என்பதா, இதை ஏன் நமக்குக் காட்டினார்கள் என்பதா? முதல் வகை என்றால் மறுபடி பார்த்தால் தீரும். மூன்றாவது வகைதான் உண்மையான கேள்வி.

1960-இல் கான் திரைப்பட விழாவில் அன்டோனியோனியின் 'லா அவெந்துரா' ஓடியபோது கூட்டம் சிரித்தது, கத்தியது, ஊளையிட்டது. ஒரு தீவில் ஒரு பெண் காணாமல் போகிறாள், தேடுகிறார்கள், தேடிக்கொண்டிருக்கும்போதே தேடுகிறவர்களின் கவனம் வேறு பக்கம் போய்விடுகிறது, அவள் என்ன ஆனாள் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. அதே விழாவில் அந்தப் படத்துக்கு நடுவர் குழுப் பரிசும் கிடைத்தது, இரண்டே வருஷத்தில், 1962-இல், பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை விமர்சகர்களிடம் நடத்திய தேர்வில் எல்லாக் காலத்திலும் சிறந்த படங்களில் இரண்டாவதாக வந்தது. கத்தியவர்களும் ஓட்டுப் போட்டவர்களும் பார்த்தது ஒரே படம். "அந்தப் பெண் என்ன ஆனாள்" என்று காத்துக்கொண்டிருந்தவரை நானும் வெளியேதான் இருந்தேன். அவளை அந்த மனிதர்கள் மறந்துகொண்டிருக்கிறார்கள், நானும் கூடவே மறந்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு இடத்தில் உறைத்தது, அங்கே எனக்கு உடம்பு சில்லிட்டது. அதற்கு முந்தைய அரைமணி நேரத்துச் சலிப்பு முழுக்க அந்த இடத்துக்காகச் சேர்த்துவைத்தது. இன்னொருவருக்கு அந்த இடம் வராமலே போகலாம், அப்போது அவருக்கு மிஞ்சுவது சலிப்பு மட்டும்தான், அவர் பொய் சொல்லவில்லை.

எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்?

சண்டை போடுவதற்கு முன் இதைக் கேளுங்கள், பலர் கேட்பதில்லை. செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் அமெரிக்கா' 1984-இல் ஐரோப்பாவில் 229 நிமிஷம் ஓடியது. அமெரிக்காவில் விநியோகித்தவர்கள் அதை 139 நிமிஷமாக வெட்டியதோடு, முன்னும் பின்னுமாகப் போகும் கதையை வருஷ வரிசைப்படி அடுக்கிவிட்டார்கள். நினைவுகளில் அலையும் ஒரு கிழவனின் படம் அது, அந்த அலைச்சலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? 'பிளேட் ரன்னர்' 1982-இல் பின்னணிக் குரல் விளக்கத்தோடும் இனிப்பான முடிவோடும் வந்தது, 1992 பிரதியில் இரண்டும் இல்லை, 2007-இல் இயக்குநர் ரிட்லி ஸ்காட் இறுதியாக ஒப்புக்கொண்ட பிரதி வந்தது. இந்தப் படங்களைப் பற்றி இரண்டு பேர் மணிக்கணக்கில் வாதாடிவிட்டு, கடைசியில் இரண்டு பேரும் பார்த்தது வேறு வேறு பிரதி என்று தெரிந்தால் அத்தனை நேரமும் வீண். தொலைக்காட்சியில் வெட்டிக் காட்டிய பிரதியைப் பார்த்துவிட்டு ஒரு படத்தை நிராகரித்திருந்தால் அந்தத் தீர்ப்பை ஒத்திவையுங்கள்.

மறுபடி பார்ப்பது

பிடிக்காத படத்தை எல்லாம் மறுபடி பார்க்க ஆயுள் போதாது. நான் வைத்திருக்கும் கணக்கு: படம் பிடிக்கவில்லை, ஆனால் ஒரு வாரம் கழித்தும் ஏதோ ஒரு காட்சி தானாக மனதில் வந்துகொண்டே இருக்கிறது என்றால் மறுபடி பார்ப்பேன். வரவில்லை என்றால் விட்டுவிடுவேன், எவ்வளவு பெரியவர்கள் புகழ்ந்தாலும் சரி. மறுபடி பார்க்கும்போது நான் எழுதிவைத்த அந்தக் காட்சிக்காகக் காத்திருப்பேன். அது மறுபடி என்னை வெளியே தள்ளினால் என் தீர்ப்பு உறுதி. தள்ளவில்லை என்றால், முதல் தடவை எது என்னைத் தள்ளியது என்பது அப்போதுதான் தெளிவாகும், பெரும்பாலும் அது எதிர்பார்ப்பாகவோ அன்றைய என் மனநிலையாகவோ இருக்கும்.

இதைக் காலமும் செய்கிறது. 'அன்பே சிவம்' 2003-இல் வந்தபோது ஓடவில்லை, பிறகு வீட்டில் பார்த்துப் பார்த்தே பல பேருக்கு நெருக்கமான படமாகிவிட்டது. ஆனால் இதை வைத்து "இன்று திட்டப்படும் படம் எல்லாம் நாளை கொண்டாடப்படும்" என்று ஒரு விதி செய்துகொள்ளாதீர்கள், தோற்ற படத்தை எடுத்தவர்கள் பலர் இப்படி ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். நாளைய தீர்ப்பு நமக்குத் தெரியாது. இன்று நமக்கு என்ன நடந்தது என்பது மட்டும் தெரியும்.

எதிர்க்கட்சியோடு பேசுவது

உங்களுக்குப் பிடிக்காத படத்தை உயிராக நேசிக்கிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், அவரிடம் வாதாடாதீர்கள், "எந்தக் காட்சியில் உள்ளே போனீங்க?" என்று மட்டும் கேளுங்கள். மாலிக்கின் 'தி ட்ரீ ஆஃப் லைஃப்' 2011-இல் கான் விழாவில் கைதட்டலும் ஊளையும் சேர்ந்தே வாங்கிய படம், பிறகு அங்கே மிகப் பெரிய பரிசான தங்கப் பனையும் அதற்குத்தான். ஒரு குடும்பத்துக் கதை நடந்துகொண்டிருக்கும்போது படம் திடீரென்று பிரபஞ்சம் பிறந்த காலத்துக்குப் போய்விடும், டைனோசர் வரும். என் நண்பர் ஒருவர் அந்த டைனோசரைப் பார்த்ததும் வெளியே வந்தவர். நான் உள்ளே போனதும் அதே காட்சியில்தான்: ஆற்றங்கரையில் ஒரு டைனோசர் கீழே கிடக்கும் இன்னொன்றின் தலைமேல் காலை வைக்கிறது, கொல்லப்போகிறது என்று நினைக்கிறோம், எடுத்துவிட்டுப் போய்விடுகிறது. கருணை என்பது எங்கே தொடங்கியிருக்கும் என்று ஒரு படம் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இதைச் சொன்னதும் நண்பர், "எனக்கு அந்த அம்மா அழுகிறதை விட்டுட்டு எதுக்கு இங்க வந்தோம்னு இருந்துச்சு" என்றார். அதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது! அவர் அந்தத் தாயோடு இருக்க விரும்பினார், படம் அவரைப் பிடுங்கிக்கொண்டு போனது. அன்றிலிருந்து அந்தப் படத்தைப் பார்க்கும்போது அந்தப் பிடுங்கல் எனக்கும் வலிக்கிறது, படம் இன்னும் பெரிதாகத்தான் ஆகியிருக்கிறது. கடைசியில் கடற்கரையில் எல்லோரும் சந்திக்கும் பகுதி எனக்கு ஒட்டவே இல்லை, அதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

சில சொற்களை மட்டும் இந்தப் பேச்சில் தவிர்த்துவிடுங்கள். "ஓவர் ஹைப்" என்றால் நீங்கள் படத்தைப் பற்றிப் பேசவில்லை, மற்றவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். "இது எல்லோருக்குமான படம் இல்லை" என்பதும் எனக்குப் பிடிக்காத வாக்கியம், கேட்கிறவரைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறது. அதற்குப் பதில் அந்தக் காட்சியைச் சொல்லுங்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்?

இப்படிப் பார்த்துப் பழக 'ஆயிரத்தில் ஒருவன்' நல்ல தொடக்கம், பிளவு இடைவேளை பக்கத்திலேயே இருப்பதால் தேட வேண்டியதில்லை. அடுத்து '2001', பெரிய திரையில் கிடைத்தால் மட்டும். 'லா அவெந்துரா'வைத் தூக்கம் இல்லாத நேரத்தில். ஷான்டல் அக்கர்மானின் 'ழான் டீல்மான்' கடைசி. 1975-இல் வந்தது, 201 நிமிஷம், ஒரு பெண் மூன்று நாள் செய்யும் வீட்டுவேலைதான் பெரும்பாலும், 2022 'சைட் அண்ட் சவுண்ட்' தேர்வில் முதலிடம், அந்தத் தேர்வு முடிவைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. முதல் தடவை வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அடுத்த தடவை போனை இன்னொரு அறையில் வைத்துவிட்டு ஒரே மூச்சில் பார்த்தேன். நீங்களும் அப்படியே பாருங்கள், குறைந்தது இரண்டாம் நாள் அவள் அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு கவனிக்காமல் குழைந்துபோகும் இடம் வரைக்குமாவது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அவள் வீட்டுக்குள் நடக்கும்போது உங்களுக்கு நெஞ்சு படபடத்தால் மீதியையும் பாருங்கள். படபடக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு, அந்த நிமிஷத்தைக் குறித்துவையுங்கள்.